பாரம் ஏற்றினால் மோட்டார் சைக்கிள் ஏன் முரண்டு பிடிக்கிறது? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

யாழ்ப்பாணத்துக் காரைநகரில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் விடியுமுன்னே பொன்னாலைப் பாலத்தைக் கடந்து, சுழிபுரம், சங்கானை வழியாக மருதனார்மடம் சந்தைக்குப் போவேன். வெங்காயம், கத்தரி, பூசணி, கீரைக்கட்டு எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடை திறக்கும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். போகும்போது பூனைபோல ஓடும் அதே வண்டி, திரும்பும்போது வேறொரு வண்டியாகிவிடும். ஹாண்டில் ஆடும், பின்பக்கம் நெளியும், பிறேக் பிடித்தால் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு என்று பிடிபட எனக்குப் பல வருடங்கள் சென்றன. அந்த வருடங்களை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நம் ஊரில் பாரம் கட்டும் பழக்கம் சைக்கிளிலிருந்து வந்தது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது விறகு, நெல்மூட்டை, மண்ணெண்ணெய்க் கான், வைத்தியசாலைக்குப் போகும் நோயாளி என எல்லாமே சைக்கிளில்தான் போயின. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, பல வீடுகளின் மிச்சம் அத்தனையும் ஒரு சைக்கிளின் கரியரிலும் ஹாண்டிலிலும் தொங்கியது. அந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது மெல்ல உருட்டிச் செல்லும் வாகனத்துக்கு உரியது. பாரம் கூடினால் நாம் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். மோட்டார் சைக்கிளிலிருந்து யாரும் இறங்கித் தள்ளுவதில்லை. மணிக்கு 15 கிலோமீற்றரில் போன மூட்டையை 45 கிலோமீற்றரில் கொண்டுபோனால் வேகம்தான் மூன்று மடங்கு, விழும்போது அதற்குள் இருக்கும் ஆற்றல் ஒன்பது மடங்கு. கரியரில் உயரமாக அடுக்கு, மிச்சத்தை ஹாண்டிலில் கொழுவு என்ற சைக்கிள் முறையை அப்படியே மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்ததில்தான் நம் பிரச்சினைகளில் பாதி பிறக்கிறது.

ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள். வண்டி காட்டும் ஒவ்வொரு குழப்பமும் பாரம் எந்த இடத்தில் தவறாக இருக்கிறது என்பதற்கான அடையாளம். அதைக் கைப்பலத்தால் சமாளித்துக்கொண்டு வீடு சேரப் பார்க்காதீர்கள். நிறுத்தி, அவிழ்த்து, இடம் மாற்றிக் கட்டுங்கள்.

தொடங்கும் முன்: குறை வண்டியிலா, பாரத்திலா?

அதே வீதியில், அதே வேகத்தில், பாரம் இல்லாமல் ஒருமுறை ஓடிப் பாருங்கள். வெறும் வண்டியிலும் ஆட்டம் இருந்தால் பாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹாண்டில் கழுத்தின் கோன் செற், பின்சில்லைத் தாங்கும் கவையின் புஷ், சில்லுக் கம்பிகள், தேய்ந்த ரயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோங்கள். பாரம் ஏற்றினால் மட்டும் வருகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எடைக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். வண்டியோடு தந்த கைநூலில் தாங்கக்கூடிய மொத்தப் பாரம் எவ்வளவு என்று இருக்கும். நம் வீதிகளில் ஓடும் 100 முதல் 150 சிசி வரையான வண்டிகள் பலவற்றில் அது 130 முதல் 150 கிலோ அளவில் வரும். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், பொருள் மூன்றும் அதற்குள் அடக்கம். நான் 72 கிலோ. 130 கிலோ தாங்கும் வண்டியில் எனக்கு மிஞ்சுவது 58 கிலோ. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றை ஏற்றினாலே எல்லை கிட்டிவிடும். மனைவியும் ஏறினால் ஒரு சிறிய அரிசிப் பைக்குக்கூட இடமில்லை. சீற்றுக்குப் பின்னால் பூட்டியிருக்கும் கரியரின் எல்லை இதைவிட மிகமிகக் குறைவு. பலவற்றில் அதன் மீதே குறித்திருப்பார்கள், பெயின்ற் அடித்து மறைத்திருந்தால் தேடிப் பாருங்கள்.

ஹாண்டில் இலேசாகிறது, வேகம் எடுத்ததும் ஆடத் தொடங்குகிறது

மிக அதிகமாக நடப்பதும், மிகவும் பயப்பட வேண்டியதும் இதுதான்.

கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். ஆடுகாலுக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் ஆள் மிதித்தால் நுனி எழும்பும். மோட்டார் சைக்கிளில் பின்சில்லின் அச்சுத்தான் ஆடுகால். அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சில்லைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 125 சென்ரிமீற்றர் உள்ள ஒரு வண்டியில், பின் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் 40 கிலோ மூட்டையை வைத்தால், முன்சில்லின் மேல் இருக்கும் எடையில் ஏறத்தாழ 10 கிலோ குறைந்துவிடுகிறது. அதே மூட்டையை அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னால், உங்கள் முதுகோடு சேர்த்து வைத்தால் அந்த 10 கிலோ முன்சில்லின் மேல் கூடுகிறது. மூட்டை ஒன்றுதான். இரண்டு முழம்கூட இல்லாத இடமாற்றத்தில் வண்டி அடங்கிவிடுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? பிறேக்கை அழுத்தாதீர்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டாதீர்கள், இறுக்க இறுக்க ஆட்டம் கூடும். தோள்களைத் தளர்த்தி, உடம்பை முன்னால் சாய்த்துப் பெற்றோல் தாங்கியோடு ஒட்டிக்கொண்டு, வேகத்தை மெதுமெதுவாகக் குறையுங்கள். உங்கள் உடம்பின் எடையே முன்சில்லைத் தரையில் அமர்த்தும். ஓரமாக நின்றதும் மூட்டையை முன்னால் இழுத்துக் கட்டுங்கள். இடம் இல்லையென்றால் பாதியை யாராவது தெரிந்தவரின் கடையில் இறக்கிவிட்டு இன்னொருமுறை வாருங்கள். நான் சங்கானையில் பலமுறை அப்படி இறக்கியிருக்கிறேன். அரை மணித்தியாலம் போனது, வேறொன்றும் போகவில்லை.

ஹாண்டிலில் பைகள் தொங்கினாலும் இதே ஆட்டம் வரும், காரணம் மட்டும் வேறு. இரண்டு பக்கமும் தொங்கும் பை ஒவ்வொரு சிறு திருப்பத்துக்கும் ஊஞ்சலாடி, திருப்பம் முடிந்த பிறகும் ஹாண்டிலை இழுத்துக்கொண்டே இருக்கும். பை பிறேக் பிடிக்கும் விரல்களுக்கு இடையில் வரும், முன்சில்லில் உரசிக் கிழியும். ஒரு கிலோ சீனிதானே என்று தொங்கவிட்டவர்கள் வழுக்கி விழுந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஹாண்டிலில் எதையும் தொங்கவிடாதீர்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றினாலே போதும், இதை எழுதிய பயன் எனக்குக் கிடைத்துவிடும். ஸ்கூட்டரில் முன்னால் இருக்கும் கொக்கியும் ஒரு பாண் பைக்கும் பால்மாப் பெட்டிக்கும்தான். அதற்கும் எடை எல்லை உண்டு.

ஹாண்டில் நேராக இருக்கிறது, பின்பக்கம் பாம்புபோல நெளிகிறது

முதலில் பின்ரயரில் காற்றைப் பாருங்கள். பத்தில் எட்டு முறை விடை அங்கேயே இருக்கும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன்ரயருக்கு 25, பின்ரயருக்குத் தனியே ஓடினால் 28, இருவர் ஏறினால் 32 பிஎஸ்ஐ என்ற அளவில் காற்று சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டிக்குரிய எண் செயின் மூடியிலோ பின் கவையிலோ ஒட்டியிருக்கும். 50 கிலோ மூட்டையும் ஓர் ஆள்தான். ஆகவே இருவருக்குரிய அளவையே அடியுங்கள். ரயர் குளிர்ந்திருக்கும்போது, சந்தைக்குப் புறப்படும் முன்பே அளக்க வேண்டும். பத்துக் கிலோமீற்றர் ஓடிச் சூடான ரயரில் அளந்தால் எண் கூட்டிக் காட்டும், சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவீர்கள்.

காற்றுச் சரி, ஆனாலும் நெளிகிறது என்றால் மூட்டை உள்ளுக்குள் அசைகிறது. பொருள் உயரமாக அடுக்கப்பட்டிருந்தால் அதன் தலைப்பகுதி தனியே ஆடும். பூசணி, தேங்காய், வெங்காயம் போன்ற கனமானவை அடியில் வர வேண்டும். கீரையும் மிளகாயும் மேலே. சந்தையில் வாங்கும் வரிசையில் அடுக்கினால் இது தலைகீழாகிவிடும், ஏனென்றால் நசுங்கும் என்று கீரையைக் கடைசியில் வாங்கினாலும் பூசணியை அதைவிடக் கடைசியில்தான் தூக்குவோம். எல்லாவற்றையும் வாங்கி நிலத்தில் வைத்துவிட்டு, பிறகு ஏற்றத் தொடங்குங்கள்.

பால் கானும் தண்ணீர்க் கானும் தனி வகை. பாதி நிறைந்த கான்தான் மோசம். உள்ளே அலையடித்து, நீங்கள் நின்ற பிறகும் அது தள்ளும். நிரப்பிக் கொண்டுபோங்கள், அல்லது சிறிய கான்களில் பிரித்து முழுதாக நிரப்புங்கள்.

வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கிறது

இரண்டு பக்கத்துப் பைகளின் எடை ஒத்துவரவில்லை. கையால் தூக்கிப் பார்த்து மதிப்பிடாதீர்கள், வலக்கை எப்போதும் பொய் சொல்லும். சந்தைத் தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். ஓரிரு கிலோ வித்தியாசம் பரவாயில்லை, ஐந்து கிலோ என்றால் மாற்றிக் கட்டுங்கள்.

மழை இல்லை, ஆனால் பின்சில்லு வழுக்குகிறது

இது மீன் ஏற்றுபவர்களின் வருத்தம். குருநகரிலும் பாசையூரிலும் மீன் எடுத்து உள்ளூருக்குக் கொண்டுபோகும் சகோதரர்கள் பெட்டியைப் பின்னால் கட்டுகிறார்கள். ஐஸ் கரைந்து, செதிலும் நெய்யும் கலந்த நீர் நேராகப் பின்ரயரில் சொட்டுகிறது. வீதி காய்ந்திருக்கும், ரயர் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் இருக்கும். சந்தியில் திரும்பும்போது காலை வாரிவிடும். பெட்டியின் அடியில் ஓட்டை ஒன்று போட்டு, அதில் சிறிய குழாயைச் செருகி, ரயருக்கும் பிறேக் டிரம்முக்கும் அப்பால், பக்கமாக நிலத்துக்கு இறக்குங்கள். வேலை முடிந்ததும் ரயரையும் செயினையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புநீர் கம்பியையும் பிறேக் கோலையும் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

மூட்டை சரிகிறது, கட்டு தளர்கிறது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று எழுத விரும்புகிறேன்.

பல வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்து விடியலில், 40 கிலோ வெங்காயத்தை உரப்பைகளில் போட்டு, பழைய ரியூபை நீளப்பட்டியாக வெட்டிக் கட்டிக்கொண்டு வந்தேன். எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறோம். சங்கானை தாண்டியதும் முதுகில் ஏதோ சாய்வதுபோல உணர்ந்தேன். வீடு இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓடினேன். பொன்னாலைக்கு வரும் முன்பே தளர்ந்த பட்டியின் நுனி பின்சில்லுக்குள் போய்ச் செயின் பல்லில் சுற்றிக்கொண்டது. பின்சில்லு அந்த இடத்திலேயே இறுகி நின்றது. நான் வீதியில் சறுக்கிக்கொண்டு போனேன். பின்னால் வந்த லொறிக்காரர் எட்டவே வந்ததால் நிறுத்திவிட்டார். அவர் இறங்கி ஓடிவந்து, "தம்பி, எழும்பாதீர்கள், அப்படியே இருங்கள்" என்று சொன்ன குரல் இன்றும் காதில் இருக்கிறது. முழங்கை எலும்பு வெடித்து ஆறு கிழமை கடை பூட்டிக் கிடந்தது. அந்தப் பட்டியின் நுனியை அன்று ஒரு முடிச்சுக்குள் செருகியிருந்தால் இவை ஒன்றும் நடந்திருக்காது.

ரப்பர் இழுபடும். அதுதான் அதன் குணம். பள்ளத்தில் விழும்போது மூட்டை ஓர் அங்குலம் எழும்பும், மூட்டை எழும்பினால் பட்டி இன்னும் தளரும், அடுத்த பள்ளத்தில் இரண்டு அங்குலம். ஆகவே ரப்பரை முதல் கட்டாகப் பயன்படுத்தக் கூடாது. முதல் கட்டு இழுபடாத தட்டைப் பட்டியாக இருக்கட்டும். பைகளைக் கட்டும் இறுக்குப் பட்டிகள் யாழ்ப்பாண நகரக் கடைகளில் கிடைக்கின்றன. அதற்கு மேலே, மூட்டை சுருங்கும்போது விடும் இடைவெளியைப் பிடிப்பதற்கு ரப்பர் வரலாம். இரு முனையிலும் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைப் பூட்டும்போது முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். கொக்கி நழுவித் தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

எதோடு கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். சிக்னல் லைட்டின் தண்டு, இலக்கத்தகடு, பிளாஸ்ரிக் மூடிகள் எதுவும் கட்டுவதற்கானவை அல்ல. பின்னால் இருப்பவர் பிடிக்கும் இரும்புக் கைபிடி, வண்டியின் சட்டம், கால்மிதியின் அடித்தண்டு ஆகிய மூன்றும்தான் நம்பக்கூடியவை. நான்கு முனைகளிலிருந்தும் குறுக்காக, பெருக்கல் அடையாளம்போல இரண்டு பட்டிகள் போக வேண்டும். மேலிருந்து கீழே அழுத்தும் கட்டு மட்டும் இருந்தால் பிறேக் பிடிக்கும்போது மூட்டை முன்னால் வழுக்கி முதுகில் இடிக்கும்.

கட்டி முடித்ததும் மூட்டையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுங்கள். மூட்டை தனியே அசையக் கூடாது, முழு வண்டியும் சேர்ந்து அசைய வேண்டும். பிறகு மிஞ்சிய நுனிகளையெல்லாம் சுருட்டி முடிச்சுக்குள் செருகுங்கள். ஐந்து நிமிடம் ஓடியதும் ஓரமாக நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். மரக்கறியும் அரிசியும் ஓட்டத்தில் அமர்ந்து சுருங்கும், முதல் கட்டு எப்படியும் தளரத்தான் செய்யும். நைலோன் கயிறு மழையில் நனைந்தால் நீளும், ஆகவே மாரியில் இரண்டு தடவை நிறுத்திப் பாருங்கள். நான் சண்டிலிப்பாய் தாண்டும் முன்பு ஒரு மதிலோரம் நிறுத்துவேன். ஒரு நாளும் தவறியதில்லை.

பட்டியைப் போலவே சேலைத் தலைப்பும் துப்பட்டாவும். பல வண்டிகளில் பின்சில்லின் இடப்பக்கம் சேலைக் காவல் கம்பி பூட்டியே வருகிறது. அழகில்லை என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பப் பூட்டுங்கள். உங்கள் தாயும் தங்கையும் மகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

பள்ளத்தில் விழும்போது அடியில் 'டங்' என்று இடிக்கிறது

பின் சொக் அப்சோபர் முழுதாக அமிழ்ந்து அடி தட்டுகிறது. அதன் கீழே படிபடியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். அதற்குரிய வளைந்த சாவியால் இரண்டு பக்கத்தையும் ஒரே படிக்கு ஏற்றுங்கள். ஒன்றை மட்டும் ஏற்றினால் வண்டி கோணும். பாரம் இறங்கியதும் பழைய படிக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வெறும் வண்டி துள்ளும். படியை ஏற்றினால் வண்டி அதிகம் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். வண்டியின் பின்பக்க உயரம்தான் மீளும், எல்லை அதேதான்.

கோண்டாவில், இணுவில், சுன்னாகம் பக்கத்து ரயில் கடவைகளைத் தண்டவாளத்துக்கு நேர்குத்தாகக் கடவுங்கள். பாரத்தோடு சரிவாக ஏறினால், அதுவும் பனி விழுந்த காலையில், சில்லு இரும்போடு வழுக்கிப் போகும்.

பாரம் ஏற்றினால் மட்டும் பின்னால் உராயும் சத்தம்

நிறுத்துங்கள். ரயர் மேல்மூடியில் உரசுகிறதா, பையின் மூலை கம்பிகளில் படுகிறதா, செயின் மூடியில் அடிக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். செயினின் தொய்வு பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பாரம் ஏறும்போது செயின் இறுகும். வெறும் வண்டியிலேயே விறைப்பாக இருந்தால், பாரத்தில் அது பெயாரிங்கைத் தின்னும்.

எரிந்த வாசனை

சைலன்சரைப் பாருங்கள். நீர்வேலியிலிருந்து வாழைக்குலை கொண்டுவருபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், வலப்பக்கக் குலையின் அடிச்சீப்பு வெந்துவிடும். குலை வெந்தால் நட்டம் மட்டும்தான். பொலித்தீன் பையோ மழைக்கவசமோ உருகி ஒட்டினால் அது பற்றிக்கொள்ளவும் கூடும். சைலன்சருக்கும் பொருளுக்கும் இடையே ஒரு சாண் விடுங்கள், அந்தப் பக்கத்தில் தொங்கும் எதையும் அடியில் இழுத்துக் கட்டுங்கள்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பலரும் தண்ணீர்ப் போத்தலில் பெற்றோலை ஊற்றி வண்டியில் தொங்கவிட்டார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. மெல்லிய போத்தல், சூடான சைலன்சர், ஆடும் வண்டி. வேண்டாம்.

பிறேக் பிடிக்கிறது, ஆனால் நிற்கவில்லை

மணிக்கு 50 கிலோமீற்றரில் ஒரு வினாடிக்கு 14 மீற்றர் போகிறீர்கள். மாடு குறுக்கே வருவதைக் கண்டு கை பிறேக்குக்குப் போகும் முன்பே அந்தத் தூரம் முடிந்துவிடுகிறது. கட்டாக்காலி மாடுகள் நம் வீதிகளில் இரவும் பகலும் நிற்கின்றன. பாரத்தோடு முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையே வழமையைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள்.

பின்சில்லின் மேல் எடை கூடியிருப்பதால் பின்பிறேக் வெறும் வண்டியில் பிடிப்பதைவிட நன்றாகப் பிடிக்கும். அதற்காக முன்பிறேக்கை மறந்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்துங்கள். பின்பிறேக் மிதி அதிகம் கீழே இறங்கினால், பிறேக் கோலின் நுனியிலுள்ள நட்டை இறுக்கிச் சரிசெய்யலாம். இறுக்கிய பின் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். யாழ்ப்பாணம் சமதரை, ஆகவே பிறேக் காய்ந்து கைவிடுவது இங்கே அரிது. பாரத்தோடு கண்டிப் பக்கம் போகிறவர்கள் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

காற்று பக்கமாகத் தள்ளுகிறது

வல்லை வெளி, செம்மணி வெளி, பண்ணை வீதி, பொன்னாலைப் பாலம், சங்குப்பிட்டிப் பாலம். மரமோ மதிலோ இல்லாத இந்த இடங்களில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் உயரமான மூட்டை பாயாக மாறிவிடும். எடை முக்கியமில்லை, பரப்புத்தான் முக்கியம். பத்துக் கிலோ பஞ்சு மெத்தையைவிட 40 கிலோ வெங்காயம் இங்கே பாதுகாப்பானது. ரெஜிபோம் பெட்டிகள், மெத்தை, வெற்றுக் கூடைகள் ஆகியவற்றை உங்கள் தோளைவிட உயரமாகவும், ஹாண்டிலைவிட அகலமாகவும் கட்டாதீர்கள். வெளிக்குள் இறங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். எதிரே பஸ் வந்து கடக்கும் கணத்தில் காற்று ஒரு நொடி மறைந்து, பிறகு ஓங்கி அடிக்கும். அதை எதிர்பார்த்து ஹாண்டிலைத் தளர்வாக, ஆனால் விடாமல் பிடியுங்கள். நான் பொன்னாலைப் பாலத்தில் ஆடி மாதத்தில் 30க்கு மேல் போவதில்லை. பின்னால் ஹோர்ன் அடிப்பவர் முந்திப் போகட்டும்.

எதிரே வருபவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்

பின்பக்கம் அமிழ்ந்ததால் உங்கள் முன்லைட் பனைவட்டைப் பார்த்துக்கொண்டு போகிறது. எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது, உங்களுக்கோ முன்னாலுள்ள பள்ளம் தெரியவில்லை. பாரம் ஏற்றிய பிறகு ஒரு மதிலுக்கு முன்னால் நிறுத்தி, நீங்களே ஏறி இருந்து ஒளி விழும் இடத்தைப் பாருங்கள். லைட்டின் அடியிலுள்ள ஆணியைத் தளர்த்திக் கீழே இறக்கலாம். மூட்டையின் விளிம்பு பின்லைட்டையும் சிக்னலையும் மறைக்கிறதா என்று பின்னால் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். மறைத்தால் உரப்பையின் மீதே ஒளிதெறிக்கும் பட்டி ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் ஏற்றக் கூடாதவை

பைப்புகள், கம்பிகள், ஏணி. பின்னால் இருப்பவர் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டு போகும் முறையைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். ஒரு சைக்கிள்காரரின் கழுத்து உயரத்தில் அது வருகிறது. பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்ரரைப் பிடியுங்கள்.

காஸ் சிலிண்டரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 12.5 கிலோ காஸ் உள்ள சிலிண்டர் இரும்போடு சேர்ந்து ஏறத்தாழ 25 கிலோ வரும். ஸ்கூட்டரின் கால்தட்டு பதிவாகவும் நடுவிலும் இருப்பதால் எடைக்கு அது நல்ல இடம்தான். ஆனால் மூன்றும் பொருந்த வேண்டும்: சிலிண்டர் நிமிர்ந்து, வால்வு மூடியோடு, சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்; உங்கள் கால்கள் தட்டில் இருக்க இடம் வேண்டும்; ஹாண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்ப வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் ஓட்டோவுக்குக் காசைக் கொடுங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஒருபோதும் சிலிண்டர் ஏற்றாதீர்கள். பாரம் கட்டிய நாளில் பிள்ளை வீட்டில் நிற்கட்டும்.

நிறுத்தும்போது சாய்ந்து விழுகிறது

பாரத்தோடு விழும் வண்டிகளில் பல, ஓட்டத்தில் விழுவதில்லை. ஒழுங்கை மணலில் பக்க ஸ்ராண்ட் புதைந்து, கண்முன்னே சாய்கின்றன. பொருள் ஏற்றுவதும் இறக்குவதும் நடு ஸ்ராண்டில், தரை இறுகிய இடத்தில் நடக்கட்டும். பக்க ஸ்ராண்டுதான் இருக்கிறதென்றால், உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்றை எப்போதும் சீற்றின் அடியில் வைத்திருங்கள், காலின் கீழே போட்டு நிறுத்துங்கள். இறக்கும்போது வண்டி சாய்ந்திருக்கும் பக்கத்துப் பையை முதலில் கழற்றுங்கள். மறுபக்கத்தை முதலில் எடுத்தால் முழு எடையும் அந்தச் சிறிய காலின் மேல் ஏறும். விழத் தொடங்கிய வண்டியைத் தாங்கிப் பிடிக்கப் போகாதீர்கள், 100 கிலோவுக்கு மேல் உள்ள வண்டியும் மூட்டையும் சேர்ந்து முதுகை முறித்துவிடும். கையை விட்டு விலகுங்கள். வெங்காயத்தைப் பிறகு பொறுக்கலாம்.